போர்ட் வெல்ட் துறையின் பேரேடு

நாம் தோட்டத்துக் கிராணி. எடையும் தொகையும் எழுதுவதே நமது பிழைப்பு. ஆகையால் ஒரு துறைமுகத்தைக் கண்டால், வந்தது எது, போனது எது என்று கணக்குப் பார்க்கவே மனம் விரைகின்றது.

தைப்பிங் நகருக்கு மேற்கே, கோலா செப்பெத்தாங் என இன்று வழங்கும் மீனவர் ஊரே பழைய போர்ட் வெல்ட். கவர்னர் பிரடெரிக் வெல்டு துரையின் பெயரை அது தாங்கிற்று. 1874-இல் பங்கோர் உடன்படிக்கையால் பேராக்கில் ஆங்கில ரெசிடெண்டு அமர்ந்தார். ஆலோசகர் என்பது பெயர். வரிப்பெட்டியின் சாவியோ அவர் கையில். லாரூட் ஈயத்தைக் கடலுக்குக் கொணர எட்டு மைல் இருப்புப்பாதை இடப்பட்டு, 1885 ஜூன் முதல் நாள் திறக்கப்பட்டது. மலாயாவின் முதல் ரயில் அதுவே. அதை அமைக்க இலங்கையிலிருந்து தொழிலாளர் படையினர் தருவிக்கப்பட்டனர்.

பேராக்கின் பேரேட்டைப் புரட்டுவோம். ஏற்றுமதிப் பக்கத்தில் ஈயம். அது பினாங்கு வழியே மேல்நாடு சென்றது. இறக்குமதிப் பக்கத்தில் அரிசி, துணி, அபின். வெளியேறும் ஈயத்துக்கும் வரி, உள்நுழையும் அபினுக்கும் வரி. சீனச் சுரங்கத் தொழிலாளி மண்ணில் ஈட்டிய காசு புகையாகிக் கஜானாவை நிரப்பிற்று. பின்னாளில் தமிழனுக்குத் தோட்டத்துக் கள்ளுக்கடை அவ்வேலையைச் செய்தது.

1903-இல் ரயில் பிறை வரை இணைந்ததும் சரக்கு அவ்வழியே திரும்பிற்று; போர்ட் வெல்ட் மங்கியது. துறை மாறிற்றே தவிரக் கணக்கு மாறவில்லை. 1877-இல் கோலகங்சாரில் ஹியூ லோ துரை காலத்தில் ஊன்றப்பட்ட ரப்பர்க் கன்றுகள் தோட்டங்களாய்ப் பெருகின. ரப்பர் அமெரிக்க மோட்டார்களுக்குச் சென்று, சைக்கிள் டயராகத் திரும்பிற்று. ஈயம் பால் டப்பாவின் பூச்சாகத் திரும்பிற்று. மூலப்பொருள் நம்முடையது, இலாபம் பிறருடையது. உண்ணும் அரிசியிற் பெரும்பகுதிகூடப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் புகுந்தபின் அவ்வரிசி அருகியபோது, ஜனங்களைத் தாங்கியது மரவள்ளிக்கிழங்கே.

இன்னுமோர் இறக்குமதி உண்டு. அது மனிதன். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் பினாங்கில் இறங்கினர். முதலில் ஒப்பந்தம், 1910-இல் அது ஒழிந்தபின் கங்காணி. 1930 முதல் ரப்பர் விலை சரிந்தபோது, ஆயிரமாயிரம் பேர் வந்த வழியே கப்பலேற்றப்பட்டனர். தேவைப்பட்டபோது இறக்குமதி, தேவை தீர்ந்தபோது ஏற்றுமதி! ஈயத்துக்கும் ரப்பருக்கும் விலை எழுதிய ஏடு, மனிதனுக்குத் தலைக்கணக்கு மட்டுமே எழுதிற்று.

சென்ற விடுமுறையில் ஈப்போவிலிருந்து அத்துறைக்குச் சென்றோம். தண்டவாளம் இல்லை. டிக்கெட் அறையும் ஒரு பெயர்ப்பலகையும் மிஞ்சியுள்ளன. பலகையில் ஆங்கிலம், ஜாவி, சீனம் ஆகியவற்றுடன் தமிழும் இருக்கின்றது. அவ்வெழுத்தின்முன் நெடுநேரம் நின்றோம். தமிழர் இங்கே உழைத்ததற்கு அஃதொரு ரசீது அன்றோ?

அந்த ஒரு ரசீது போதாது. ரப்பர் நின்ற இடத்தில் இன்று செம்பனை நிற்கின்றது. பழைய லயங்கள் பல இடிந்தன. ஆயின் நம் வீட்டுத் தகரப் பெட்டிகளில் பாட்டனாரின் கப்பல் சீட்டும் சம்பளச் சீட்டும் இன்னும் கிடக்கலாம். குப்பையென்று அவற்றைக் கொளுத்தாதீர். பெயரையும் ஊரையும் தோட்டத்தையும் பிள்ளைகளைக் கொண்டு எழுதி வைப்பீர். துரைத்தனத்தார் ஏட்டில் விடுபட்ட பெயர்களை நாமன்றி யார் பதிவர்?