கணிப்பொறியின் நினைவகம்



1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபொழுது, சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளும் தேவிகுளம், பீர்மேடு மலைப்பகுதிகளும் கேரள மாநிலத்தின்பாற்பட்டன. அங்கு வாழும் தமிழர்களின் பிள்ளைகள் பலர் இன்றும் தமிழ் வழியிலேயே கற்கின்றனர். மும்பையிலும் டில்லியிலும் தொழில் புரியும் நம்மவர் விடுமுறையில் அவ்வூர்களுக்குச் செல்லுங்கால், கூடத்தின் மூலையில் துணி போர்த்திய மேசைக் கணிப்பொறி ஒன்றைக் காண்பதுண்டு. "ஓட மறுக்கிறது, புதிது வாங்க வேண்டும்" என்று வீட்டார் கூறுவர். அதனை எடைக்குப் போடுமுன் அதன் நினைவகத்தின் வரலாற்றைச் சிறிது அறிந்துகொள்வது பயனுடைத்து. பல வேளைகளில் பழுது அங்குதான் இருக்கும். அதனைச் சீர்செய்வதும் எளிது.

கணிப்பொறியில் இருவகைச் சேமிப்பு உண்டு. வட்டு என்பது களஞ்சியம். நெல் அங்கே ஆண்டுக்கணக்கில் கிடக்கும். கடைத்தெருவில் 'ராம்' என வழங்கும் நினைவகமோ களத்துமேடு. அப்போதைக்கு வேண்டியது மட்டும் அங்கே பரப்பப்படும். களஞ்சியம் எத்துணைப் பெரிதாயினும், களம் குறுகியிருந்தால் போரடிப்பு விரைவில் நடவாது. நினைவகம் போதாத கணிப்பொறி ஓயாமல் வட்டுக்கு ஓடி ஓடித் தாமதிப்பதும் இதனாற்றான்.

இந்தியாவில் இக்களத்தை முதன்முதல் அமைத்தவர்களுள் நம்மவரும் உண்டு. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், கிண்டிப் பொறியியற் கல்லூரியிற் பயின்ற ஆர். நரசிம்மன் அவர்களின் தலைமையில் உருவான கணிப்பொறி 1960-இல் இயங்கலாயிற்று. 1962-இல் பண்டித நேரு அதற்கு 'டிஃப்ராக்' என்று பெயரிட்டார். கடுகு போன்ற சிறு காந்த வளையங்களை மெல்லிய கம்பிகளிற் கோத்து அதன் நினைவகத்தைச் செய்திருந்தனர். ஒவ்வொன்றும் 40 இலக்கங்கள் கொண்ட 2,048 சொற்களை அது தாங்கும். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 10,000 பைட்டுகள். இவ்வுரையை யூனிகோடு முறையில் எழுதினால், ஒவ்வொரு தமிழ்க் குறியும் பெரும்பாலும் மூன்று பைட்டுகளைக் கொள்ளும். ஆகவே உரை முழுவதும் அந்த நினைவகத்தில் அடங்காது. இன்று விரல் நீளப் பலகை ஒன்றில் அமையும் 4 ஜி.பி. நினைவகம் அதனினும் நான்கு லட்சம் மடங்கிற்கு மேற்பட்டது.

இம்மாற்றத்திற்கு வழிவகுத்தவர் அமெரிக்க ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டு. ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் கொண்டு ஓர் இலக்கத்தை நினைவில் நிறுத்தும் முறைக்கு 1968-இல் அவர் காப்புரிமை பெற்றார். 1970-இல் இன்டெல் நிறுவனம் 1,024 இலக்கங்களைத் தாங்கும் சில்லினை விற்பனைக்குக் கொணர்ந்தது. காந்த வளையம் மின்சாரம் நின்றாலும் மறவாது. மின்தேக்கியோ ஓட்டைக் குடம் போன்றது. அதிலுள்ள மின்னூட்டம் கசிந்துகொண்டேயிருக்கும். ஆதலின் வினாடிக்குப் பத்து முறைக்கு மேல் அதனைப் படித்து மீண்டும் நிரப்புகின்றனர். மின்சாரம் தடைப்பட்ட கணமே சேமிக்காத எழுத்தெல்லாம் மறைவதன் காரணம் இதுவே.

வீடுகளில் கணிப்பொறி நுழையுமுன்னரே நினைவகம் எல்லைப்புறத்தை அடைந்துவிட்டது. பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் 1976-இல் நிறுவப்பட்ட இந்தியத் தொலைபேசித் தொழிலகத்தின் ஆலை, மின்னணு இணைப்பகங்களைச் செய்தது. எந்த எண்ணை எந்த எண்ணுடன் இணைப்பது என்னும் கட்டளையை நினைவகத்தில் வைத்து இயங்கும் பொறிகள் அவை. டிரங்கால் பதிந்து மணிக்கணக்கிற் காத்திருந்த காலத்தை அறிந்தவர்கள் அம்மாற்றத்தின் அருமையை உணர்வர்.

பின்னர் 2001-இல் கேரள அரசு 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டத்தைத் தொடங்கியது. 2017-இல் அது 'கைட்' என்னும் நிறுவனமாயிற்று. பாடநூல்கள் தமிழிலும் வெளிவந்தமையால், எல்லைப்புறப் பிள்ளைகள் கணிப்பொறியைத் தாய்மொழியிலேயே கற்க வழி பிறந்தது. பள்ளியிற் கற்றதை வீட்டிலும் பழக விரும்பும் பிள்ளைக்குப் பழைய கணிப்பொறி பெருந்துணை.

அதன் நினைவகத்தைப் பெருக்குமுன் அதன் தலைமுறையை அறிதல் வேண்டும். 2007 அளவில் வந்தது டி.டி.ஆர். 3, 2014-இல் டி.டி.ஆர். 4, 2020-இல் டி.டி.ஆர். 5. ஒன்றன் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. தவறிச் செருகாதபடி பலகையின் விளிம்பிலுள்ள வெட்டு ஒவ்வொரு தலைமுறையிலும் வேறிடத்தில் வைக்கப்பட்டுள்ளது. ஆகவே பழைய பலகையைக் கையில் எடுத்துச் சென்று, அதே வகையைக் கேட்டு வாங்குக. தாய்ப்பலகை எவ்வளவு நினைவகத்தை ஏற்கும் என்பதையும் பார்த்துக்கொள்க. 32 இலக்க இயக்க முறைமை பொதுவாக 4 ஜி.பி.க்கு மேற்பட்டதைப் பயன்படுத்தாது.

பழுது நேர்வதில் ஊரின் தட்பவெப்பத்திற்கும் பங்குண்டு. மார்கழி, தை மாதங்களில் கணவாயின் வழியே வீசும் வறண்ட கீழைக்காற்று, புழுதியைக் கொணர்வதோடு உடலில் நிலைமின்சாரம் சேரவும் இடந்தரும். விரல் நுனியினின்று பாயும் அச்சிறு பொறி சில்லினைக் கெடுத்துவிடக்கூடும். மூணாற்றிலும் பீர்மேட்டிலும் மழைக்கால ஈரம் தொடுமுனைகளில் மாசு படியச் செய்யும். பொறி தொடங்காமல் 'பீப், பீப்' என ஒலித்தல், இடையிடையே தானே நின்று தொடங்குதல், திரை நீலமாகி உறைதல் ஆகியன நினைவகப் பழுதின் அறிகுறிகளாக இருக்கலாம்.

அப்பொழுது செய்யத்தக்கது இது: மின்னிணைப்பைக் கழற்றுக. தொடக்கப் பொத்தானைச் சில வினாடிகள் அழுத்தி எஞ்சிய மின்சாரத்தைப் போக்குக. பெட்டியின் உலோகச் சட்டத்தைத் தொட்டபின், இருபுறப் பிடிகளை விலக்கிப் பலகையை எடுக்க. பொன்னிற முனைகளை மென்மையான ரப்பரால் துடைத்துத் துகளை அகற்றுக. செருகுமிடத்தின் புழுதியைத் தூரிகையால் நீக்குக. பிடிகள் 'டக்' என்று பூட்டும் வரை சமமாக அழுத்திச் செருகுக. இரு பலகைகள் இருப்பின் ஒவ்வொன்றாக இட்டுச் சோதித்தால் குற்றமுடையது வெளிப்பட்டுவிடும். எனினும் ஐயம் நீங்காவிடின், 'மெம்டெஸ்ட்' போன்ற சோதனை நிரலை ஓரிரவு ஓடவிடுக. மின்வழங்கிப் பெட்டியை மட்டும் ஒருபொழுதும் திறத்தலாகாது. இணைப்பைக் கழற்றிய பின்னும் அதனுள் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும்.

விடுமுறையில் ஊர் செல்லும் அன்பர்கள், மூலையிற் கிடக்கும் அப்பெட்டியை வீட்டுப் பிள்ளையின் முன்னிலையிலேயே திறந்து பார்ப்பார்களாக. பலகையைக் கழற்றித் துடைத்துச் செருகும் வேலையை அப்பிள்ளையின் கையிலேயே ஒப்படைத்தால் இன்னும் நன்று. நாம் திரும்பி ரயிலேறிய பின்னர் அக்கணிப்பொறியைப் பேண வேண்டியவர் அவரே.