மட்டக்குதிரையும் மோட்டார்ப் பம்பும்

பூந்தமல்லியை அடுத்த குமணன்சாவடியில் வீடு கட்டுவோர் கேட்கும் முதல் கேள்விகளுள் ஒன்று, "போருக்கு ஒரு எச்.பி. மோட்டார் போதுமா, ஒன்றரை வேண்டுமா?" என்பது. எச்.பி. என்றால் குதிரைத்திறன். நம் கிணறுகளில் குதிரை என்றும் நீர் இறைத்ததில்லை. கவலையில் மாடு இழுத்தது. ஏற்றத்தில் மனிதன் மிதித்தான். பின், இந்தக் குதிரை எங்கிருந்து வந்தது?

பாடநூல்களிலும் வகுப்பறைகளிலும் வழங்கும் கதை இது: ஜேம்ஸ் வாட் நிலக்கரிச் சுரங்கத்தில் மட்டக்குதிரைகள் கரி இழுப்பதைக் கண்டாராம். ஒரு மட்டக்குதிரை நிமிடத்துக்கு 22,000 அடி-பவுண்டு வேலை செய்ததாம். அதனுடன் பாதியைக் கூட்டி 33,000 என்று அறிவித்தாராம். ஆக, குள்ளக் குதிரையின் வலிமையைப் பெரிதாக்கிக் காட்டி வாட் வியாபாரம் செய்தார் என்பது முடிவு. சுவையான கதைதான். ஆனால் வாட்டின் கணக்கேடு வேறு சொல்கிறது.

1782-இல் அவர் குறித்துவைத்த கணக்கில் சுரங்கமும் இல்லை, மட்டக்குதிரையும் இல்லை. செக்கு மாடு போல் ஆலையைச் சுற்றி வரும் குதிரைதான் இருக்கிறது. ஆலை அமைக்கும் தொழிலாளர் ஒருவர் சொன்ன விவரம்: 24 அடி விட்டமுள்ள வட்டத்தில் குதிரை நிமிடத்துக்கு இரண்டரைச் சுற்றுச் சுற்றும். அதாவது 60 கஜம், 180 அடி. (வட்டத்தின் சுற்றளவுக்கு வாட் 'பை'யின் மதிப்பை 3 என்றே கொண்டிருக்கிறார்! நம் மாணவர் செய்தால் மதிப்பெண் குறையும்.) இழுவிசை 180 பவுண்டு என்று கொண்டால் 180 × 180 = 32,400. அடுத்த ஆண்டு அதை 33,000 என்று முழுமையாக்கிக்கொண்டார்.

இந்த எண் அவருக்கு ஏன் தேவைப்பட்டது? சுரங்கங்களில் நியூகோமன் எந்திரம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அதைவிடத் தம் எந்திரம் மிச்சப்படுத்தும் கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கை வாட்டும் அவர் கூட்டாளி போல்ட்டனும் கட்டணமாகப் பெற்றனர். ஆலைக்காரரிடமோ மிச்சப்படுத்தக் கரியே இல்லை; இருந்தவை குதிரைகள். ஆகவே குதிரைக்கு இவ்வளவு என்று கட்டணம் பேச வேண்டியதாயிற்று.

வாட்டுக்கு முன்பே இந்த ஒப்பீட்டைச் செய்தவர் உண்டு. 1702-இல் தாமஸ் சேவரி தம் நீரிறைக்கும் எந்திரத்தைப் பற்றி எழுதிய நூலில் ஒரு நயமான கணக்குப் போட்டார். ஒரே நேரத்தில் இரு குதிரைகள் செய்யும் வேலையை இடைவிடாது செய்ய வேண்டுமானால் கொட்டிலில் பத்துப் பன்னிரண்டு குதிரைகளையாவது வைத்திருக்க வேண்டும். ஆகவே தம் எந்திரம் அத்தனைக்கும் ஈடு என்றார். பொய்யில்லை; ஆனால் விற்பவருக்குச் சாதகமான கணக்கு.

வாட்டின் கணக்கு இதற்கு எதிர்ப்பக்கம் சாய்ந்தது. ஸ்மீட்டன் என்னும் பொறியாளர் ஒரு குதிரைக்கு ஏறத்தாழ 23,000 அடி-பவுண்டுதான் கண்டார். அந்தக் கணக்கில், 10 குதிரைத்திறன் எந்திரம் வாங்கிய ஆலைக்காரருக்குக் கிடைத்தது 14 குதிரைகளின் வேலை! குதிரையை உயர்த்திச் சொன்னதால் எந்திரத்தைத் தாழ்த்திச் சொன்னதாயிற்று. வாங்கியவர் குறைகூற இடமில்லை. வாட் வியாபாரி அல்லர் என்று நான் சொல்லவில்லை, கெட்டிக்கார வியாபாரி.

அவர் கணக்கில் இன்னொன்றும் உண்டு. அது குதிரை ஆலையில் ஓயாது உழைக்கும்போது தரும் திறன். ஓரிரு நொடிகளுக்கானால் கதையே வேறு. 1925-இல் அமெரிக்காவின் அயோவாவில் நடந்த இழுவைப் போட்டியின் அளவீடுகளை ஆராய்ந்து, குதிரையின் உச்சத்திறன் 15 குதிரைத்திறன் வரை போகும் என்று 1993-இல் 'நேச்சர்' இதழில் இருவர் எழுதினர். ஒரு குதிரைக்குப் பதினைந்து குதிரைத்திறன்! 'எவ்வளவு நேரத்துக்கு?' என்ற கேள்வியை மறைத்துவிட்டால் எந்தப் பொருளையும் இப்படி ஊதிக் காட்டலாம்.

எந்த நிலையில் அளந்தது என்பதை மறைப்பதும் இவ்வகையே. அமெரிக்கக் கார்க் கம்பெனிகள் வெகுகாலம் விசிறி, சைலன்சர் முதலிய சுமைகளைக் கழற்றிவிட்டு எஞ்சினை அளந்து அந்த எண்ணை விளம்பரம் செய்தன. 1972 வாக்கில் அவற்றைப் பொருத்தி அளக்கும் முறை வந்ததும், மாற்றம் ஏதும் செய்யாத எஞ்சின்களின் குதிரைத்திறன்கூட ஒரே ஆண்டில் இறங்கிற்று.

நம் பம்புக்கு வருவோம். 1 எச்.பி. என்பது 746 வாட். மோட்டாரின் தண்டில் கிடைப்பது, நீரில் கிடைப்பதன்று. இழப்பே இல்லையென்றால் 30 மீட்டர் உயரத்துக்கு அது நிமிடத்துக்குச் சுமார் 150 லிட்டர் ஏற்றும். பம்பின் திறமை 40 விழுக்காடு என்றால் 60 லிட்டர்தான்.

இனி ஒரு விளம்பரத்தாள், '1 எச்.பி.; அதிகபட்ச உயரம் 60 மீட்டர்; அதிகபட்ச நீர் நிமிடத்துக்கு 200 லிட்டர்' என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒருசேரக் கிடைக்குமானால் அது 2.6 எச்.பி. வேலை! உண்மையில் 60 மீட்டரில் சொட்டு நீரும் வராது. 200 லிட்டர் வருவது ஏறக்குறைய உயரமே இல்லாதபோது. இரண்டு எண்களும் தனித்தனியே மெய். அருகருகே அச்சிட்டால் ஏமாற்று.

நல்ல கம்பெனிகள் உயரத்துக்கு எதிரே நீரளவைக் காட்டும் அட்டவணை ஒன்றைத் தருகின்றன. கிணற்றில் நீர்மட்டம் 25 மீட்டர் ஆழத்திலும், மேல்நிலைத் தொட்டி தரைக்கு மேல் 8 மீட்டரிலும் இருந்தால், குழாயில் உராய்வுக்குச் சிறிது சேர்த்து 35 மீட்டருக்கு எதிரே என்ன எண் இருக்கிறது என்று கடைக்காரரைக் கேளுங்கள்.