வாகமண்ணுக்கு வந்து சேர்ந்த சித்தாந்தம்

மூணாறுக்குத் தெற்கே, அதே இடுக்கி மாவட்டத்தின் கோட்டயம் எல்லையோரம் இருக்கிறது வாகமண். தங்கள் மலை, முருகன் மலை, குருசுமலை என்று மூன்று மதத்தாருக்கும் அங்கே ஆளுக்கொரு குன்று. தங்கள் மலையின் தங்கள்பாறையில் இருப்பது ஒரு சூஃபி மகானின் தர்கா. 2007 டிசம்பரில் அந்தத் தங்கள்பாறையில்தான், தடைசெய்யப்பட்ட ‘சிமி’ மாணவர் இயக்கம் ரகசிய முகாம் போட்டது. துப்பாக்கி சுடுதல், பெட்ரோல் குண்டு தயாரித்தல், கயிறு பிடித்து ஏறுதல் எல்லாம் கற்றுத் தரப்பட்டதாகத் தேசியப் புலனாய்வு முகமை சொன்னது. தர்கா வழிபாட்டையே ஏற்காதவர்களுக்குத் தர்கா மலைதான் வாய்த்தது!

கேரளத்தில் இப்படி ஒன்று நடந்தால் உடனே 1921 மாப்பிள்ளைக் கிளர்ச்சியை இழுப்பார்கள். அது பொருந்தாது. அங்கே கிலாபத் வேகத்தோடு குத்தகைக் கொடுமையும் நிலத்தைவிட்டு விரட்டப்பட்ட கோபமும் இருந்தன. சிமியின் விதை புத்தகங்களிலிருந்து வந்தது.

அந்தப் புத்தகங்களை எழுதியவர்களில் முதலாமவர் மௌதூதி. ஔரங்காபாத்தில் 1903இல் பிறந்த அவர், 1941இல் லாகூரில் ஜமாத்தே இஸ்லாமியைத் தொடங்கினார். இறையாண்மை இறைவனுக்கு மட்டுமே, மனிதர் இயற்றும் சட்டத்துக்கு அதில் பங்கில்லை என்பது அவர் வாதம். நாசரின் எகிப்தில் சிறையிலிருந்த சையித் குத்ப் இதை இன்னும் கூர்தீட்டினார். இன்றைய முஸ்லிம் சமூகங்களே இஸ்லாத்துக்கு முந்தைய அறியாமையில் கிடக்கின்றன என்றார். 1964இல் ‘மைல்கற்கள்’ நூல் வந்தது. 1966இல் அவர் தூக்கிலிடப்பட்டார்.

ஆனால் மௌதூதியே ஆளுக்கு ஆள் ஆயுதம் தூக்குவதை ஏற்கவில்லை. 1948இல், அரசு வெளிப்படையாக அறிவிக்காத காஷ்மீர்ச் சண்டையை ஜிகாத் என்று ஒப்ப மறுத்து, பாகிஸ்தானில் சிறைக்குப் போனவர் அவர். வாரிசுகள் இந்த நிபந்தனையை வசதியாக மறந்தார்கள்.

1977இல் அலிகரில் இந்திய ஜமாத்தின் நிழலில்தான் சிமி பிறந்தது. 1981இல் டெல்லி வந்த பாலஸ்தீனத் தலைவர் யாசர் அராஃபத்துக்கு அது கறுப்புக்கொடி காட்ட, ஜமாத் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். அடுத்த ஆண்டே தனி மாணவர் அமைப்பு கண்டார்கள். ஜமாத் தேர்தல் அரசியல் பக்கம் நகர நகர, சிமி எதிர்த்திசையில் போனது. 1992இல் பாபர் மசூதி இடிப்பு சிமியின் கோபத்துக்கு எண்ணெய் வார்த்தது. 2001 செப்டம்பரில் தடை வந்தது.

வாகமண் வழக்கில் 2018 மே மாதம் கொச்சித் தனி நீதிமன்றம் 18 பேருக்கு ஏழாண்டுச் சிறை விதித்தது. 17 பேரை விடுவித்தது.