குற்ற நிழலில் முளைத்த கணினிக் கலை

கலை கோயிலிலும் அரசவையிலுமே பிறக்கும் என்பதில்லை. சில வேளை அது குற்றத்தின் நிழலில் முளைத்து, பின்னர்த் தன் தகுதியால் தலைநிமிர்வதும் உண்டு. ஐரோப்பிய இளைஞர் வளர்த்த ‘டெமோ’ என்னும் கணினிக் கலை அத்தகையது.

1982இல் அமெரிக்காவில் வெளிவந்த கமடோர் 64 என்னும் வீட்டுக் கணினி, சில ஆண்டுகளில் ஐரோப்பாவிலும் பரவியது. அதற்குரிய விளையாட்டுகளைப் பிறர் படியெடுக்க இயலாதவாறு நிறுவனங்கள் காப்பு அமைத்தன. அக்காப்பை உடைத்துப் படிகளைப் பரப்பிய இளைஞர் குழுக்கள், விளையாட்டின் முகப்பில் தம் பெயரை அசையும் எழுத்தாலும் இசையாலும் பொறித்தன. செயல் சட்டத்திற்குப் புறம்பானதே. அதனை மறைப்பது வரலாறு ஆகாது. ஆயினும், நாளடைவில் அம்முகப்பை யார் சிறப்பாகச் செய்வது என்பதே போட்டியாயிற்று. பலர் காப்புடைத்தலை விட்டுக் காட்சியை மட்டும் படைக்கலாயினர். டெமோ இவ்வாறு தனிக்கலையாயிற்று.

டெமோ, பதிவு செய்துவைத்த திரைப்படம் அன்று. காட்சியையும் இசையையும் கணினி அவ்வப்போதே கணக்கிட்டுத் தோற்றுவிக்கிறது. கமடோரின் நினைவகமோ 64 கிலோபைட்டு. அதன் ஒலிச்சில்லுக்குக் குரல் மூன்றே. அச்சிற்றெல்லைக்குள் வியப்பு விளைப்பதே திறமை எனப்பட்டது. ஏழு சீருள் பொருளை அடக்கும் குறள் வெண்பாவைக் கற்பிக்கும் நம் ஆசிரியர்க்கு இவ்வுணர்வு புதிதன்று. கணினிகளின் ஆற்றல் பெருகிய பின்னரும் இக்கலைஞர் தாமே எல்லை வகுத்துக்கொண்டனர்: 64 கிலோபைட்டு ஒரு பிரிவு, 4 கிலோபைட்டு மற்றொரு பிரிவு. 2004இல் ஜெர்மானியக் குழு ஒன்று ‘கிரீகர்’ என்னும் முப்பரிமாண விளையாட்டையே 96 கிலோபைட்டுக்குள் அடக்கிக் காட்டியது. படங்களைச் சேமித்து வையாமல், அவற்றை வரையும் விதிகளை மட்டும் சேமித்ததே அதன் நுட்பம். மரத்தைச் சுமவாது விதையைச் சுமந்தனர் எனலாம்.

பின்லாந்தின் பியூச்சர் குரூ குழு, 1993இல் அசெம்பிளி விழாவில் ‘செகண்ட் ரியாலிட்டி’ என்னும் டெமோவால் முதற்பரிசு பெற்றது. அக்குழுவினர் சிலர் 1995இல் ரெமடி நிறுவனத்தைத் தொடங்கினர். ‘மேக்ஸ் பெய்ன்’ என்னும் புகழ்பெற்ற விளையாட்டு அங்கிருந்தே 2001இல் வெளிவந்தது. ‘செகண்ட் ரியாலிட்டி’யின் மூலநிரலையும் 2013இல் அக்குழு அனைவர்க்கும் திறந்து வைத்தது. பிறர் பொருளின் பூட்டை உடைத்தலில் தொடங்கிய மரபு, தன் பொருளைப் பிறர்க்கு ஈயும் நிலைக்கு உயர்ந்தமை ஈண்டுக் கருதத்தக்கது.

2020இல் பின்லாந்தும் 2021இல் ஜெர்மனியும் டெமோக் கலையைத் தத்தம் நாட்டின் வாழும் மரபுகளின் பட்டியலிற் சேர்த்தன. தோற்றத்தின் மாசு கருதி அதனை அன்றே முற்றும் ஒதுக்கியிருப்பின், ஒரு கலையை உலகம் இழந்திருக்கும். இளைஞரின் பிழையைக் கண்டிக்கும்போது, அதனுள் ஒளிந்திருக்கும் ஆற்றலையும் கண்டுகொள்வது கற்பிப்போர் கடன்.