வயசு தெரியாத ஊரில் ஒரு கணக்கு

எரியோட்டில் என் அப்பத்தாவிடம் வயசு கேட்டால் "எழுவது இருக்கும்" என்பார். பத்து வருஷமாக அதே எழுபதுதான். கடைசியில் புற்றுநோய் என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது படிவத்தில் நான் எழுதியதும் 70.

புற்றுநோய் ஆபத்தைக் கணக்கிட வயசுதான் அச்சாணி. நிக்கோலஸ் டே 1976-ல் சொன்ன வழி இது: ஐந்தைந்து வயசுப் பிரிவாக ஆண்டுக்கு வரும் புது நோயாளிகளை அந்த வயசு மக்கள்தொகையால் வகுத்து, ஐந்தால் பெருக்கி, 0 முதல் 74 வரை கூட்டணும். கூட்டினது 0.5 வந்தால் ஆபத்து 50 சதவீதம் இல்லை, சுமார் 39தான். ஏற்கனவே நோய் வந்தவரை மறுபடி எண்ணக்கூடாதே! (வேறு காரணத்தால் யாரும் சாகமாட்டார்கள் என்றும் ஒரு அனுமானம் உள்ளே இருக்கு.)

ஆனா 69 வயசுக்காரர் 70 என்று சொன்னால் அடுத்த பிரிவுக்குத் தாவிவிடுவார். மேலே இருக்கும் எண் ஆஸ்பத்திரிச் சீட்டிலிருந்து, கீழே இருப்பது சென்சஸிலிருந்து. இரண்டு தப்பும் ஒரே மாதிரி இருக்காது.

இதையெல்லாம் மீறி நம்ம மாவட்டத்திலேயே ஒரு பெரிய வேலை நடந்திருக்கு. ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கையும் அடையாறு புற்றுநோய் மையமும் சேர்ந்து 1990-களில் புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கின. அதை நம்பித்தான் 2000-ல் 30 முதல் 59 வயசுப் பெண்களிடம் வினிகர் தடவிப் பார்க்கும் கருப்பைவாய்ப் பரிசோதனை ஆரம்பித்தது. பரிசோதனைக்கு ஒதுக்கிய பகுதிகளில் 49,311 பெண்கள், ஒப்பிட 30,958 பேர். 2006 வரை பார்த்ததில் பரிசோதனைப் பகுதிகளில் சாவு 35 சதவீதம் குறைவு. பலன் அதிகம் தெரிந்தது 30–39 வயசில்.

அப்பா கணக்குப்படி அப்பத்தாவுக்கு அப்போ 76. நான் எழுதின 70, எழுபத்தஞ்சைத் தாண்டியவரை இந்தக் கூட்டலுக்குள்ளே கொண்டுவந்துவிட்டது.