சஃபோக்கை வெட்டி கோர்ன்வால் செய்த காலம்

வானொலி மரண அறிவித்தல் பாணியிலேயே சொல்லிவிடலாம். இங்கிலாந்தைப் பிறப்பிடமாகவும் மாத்தளையைச் சிறிதுகால வதிவிடமாகவும் கொண்ட, அறுநூறில் ஒரு பங்கு அளவில் ஒட்டிச் செய்யும் ஏர்ஃபிக்ஸ் கம்பனியின் பிளாஸ்டிக் போர்க்கப்பல் காலமாகிவிட்டது. பழைய அச்சுகளில் சில இப்போதும் இடைக்கிடை புதுப் பெட்டியில் வருகின்றன, உண்மைதான். செத்தது பெட்டியல்ல, அதை வைத்துச் செய்த வேலை.

1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகி, மிஞ்சியிருந்த வெள்ளைக்காரத் துரைமாரும் ஊருக்குப் புறப்பட்டபோது பங்களாச் சாமான்கள் வந்த விலைக்குப் போயின. ரத்தோட்டைப் பக்கத்தில் கிளாக்கராக இருந்த மாமா ஓர் அலுமாரி வாங்கினார். அதன் அடித்தட்டில் கிடந்தது பிரிக்காத சஃபோக். பாணுக்கே வரிசையில் நின்ற காலம். விளையாட்டுச் சாமான் இறக்குமதியை யார் நினைத்தார்கள்?

சஃபோக், 1941 மே மாதம் ஜெர்மனியின் பிஸ்மார்க்கை ராடர் துணையோடு பின்தொடர்ந்த குரூசர். 630 அடிக் கப்பல் பெட்டிக்குள் 32 சென்ரிமீற்றராகச் சுருங்கியிருந்தது. மாமாவுக்கு அது வேண்டியிருக்கவில்லை. கொழும்புத் துறைமுகத்தில் வேலை பார்த்த தாத்தா வாய் ஓயாமல் சொன்ன கப்பல் கோர்ன்வால். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கிய அதே நாளில் கோர்ன்வாலும் டோர்செட்ஷயரும் இலங்கைக்குத் தென்மேற்கே மூழ்கடிக்கப்பட்டன. இரண்டிலுமாக 424 பேர் போனார்கள். கோர்ன்வாலுக்குப் பெட்டி போட எந்தக் கம்பனிக்கும் அப்போது அக்கறை இருந்ததில்லை. தோற்ற கப்பலை யார் வாங்குவார்கள்?

ஆனால் இரண்டும் ஒரே வகுப்பு. மூன்று புகைபோக்கி, எட்டு அங்குலப் பீரங்கி எட்டு. முப்பதுகளில் புதுப்பித்தபோது பாரம் குறைக்க சஃபோக்கின் பின்பகுதியை ஒரு தளம் வெட்டித் தாழ்த்தினார்கள். கோர்ன்வாலுக்கு அப்படிச் செய்யவில்லை. அந்த ஒரு தளம் இந்த அளவில் சுமார் நாலு மில்லிமீற்றர். மாமாவின் முழு வேலையும் அந்த நாலு மில்லிமீற்றரில்தான் கிடந்தது.

ஒட்டுவதற்கு அதே வகைப் பிளாஸ்டிக் தேவை. வீட்டிலிருந்த உடைந்த சாமான்களில் எல்லாம் பசையைத் தொட்டு வைத்து, எது இளகுகிறது என்று பார்த்தார். கடைசியில் இளகியது என்னுடைய அடிமட்டம். அதைச் சவர பிளேட்டால் கீறி, முறித்து, அரத்தில் தேய்த்து, கப்பலின் வளைவுக்கு இசைய இரு பக்கமும் வைத்தார். அங்குலக் கோடுகள் உட்புறமாகப் போயின. பெயின்ற்றுக்கு சைக்கிள் கடைக் கறுப்பும் வெள்ளையும்.

அன்ரெனாக் கம்பிதான் வித்தை. உதிரிகளைத் தாங்கிவரும் பிளாஸ்டிக் குச்சியை மெழுகுதிரிச் சுடருக்கு மேலே, சுடர் தொடாமல் உருட்ட வேண்டும். நடுப்பகுதி பளபளத்துத் தொய்யும்போது வெளியே எடுத்து, ஒரு நொடி பொறுத்து, இரு கையையும் விரிக்க வேண்டும். பொறுக்காவிட்டால் அறும், கூடப் பொறுத்தால் இறுகும். சரியாக வந்தால் தலைமயிரிலும் மெல்லிய இழை ஒரு முழத்துக்கு நீளும். அதைப் பாய்மரத்திலிருந்து பாய்மரத்துக்குக் கட்டி, தொய்ந்த இடத்துக்கு அருகே கனலும் ஊதுபத்தியின் சூட்டைக் காட்டினால் விறைத்துக்கொள்ளும். மாமா மூச்சைப் பிடித்துக்கொள்வார், மாமி வாசலிலிருந்தே, “சாப்பாடு ஆறுது, கப்பித்தான்!” என்பார்.

1983 ஜூலையில் மாத்தளை நகரில் தமிழர் கடைகளும் முத்துமாரியம்மன் கோயிலும் எரிந்தபோது, மாமா வாடகைக்கு இருந்த வீடும் போயிற்று. இழப்புப் பட்டியலில் தையல் மெசின் இருந்தது, அலுமாரி இருந்தது. குரூசரை அவர் எழுதவில்லை.

ஏர்ஃபிக்ஸும் 1981இல் முறிந்து, பிறகு கைமாறிக் கைமாறி இன்று ஹோர்ன்பியிடம் இருக்கிறது. அதற்கு முன்பே, 1971இல், ஷிசுவோக்காவின் நான்கு கம்பனிகள் சேர்ந்து எழுநூறில் ஒரு பங்குக் கப்பல்களை இறக்கி, பழைய அளவின் காலைவாரிவிட்டிருந்தன. அவற்றில் ஒன்றான அவோஷிமா பின்னாளில் டோர்செட்ஷயர், கோர்ன்வால் இரண்டையும் பெட்டி போட்டது. மூழ்கடித்த நாட்டுக்காரனே விற்கிறான், அதுவும் நேர்த்தியாக. கைப்பிடிக் கம்பிக்குக்கூட அரித்தெடுத்த பித்தளைத் தகடு தனியே கிடைக்கிறது.

மாமா இருந்திருந்தால் கட்டாயம் வாங்கியிருப்பார். பெட்டியைத் திறந்து, பின்தளம் சரியான உயரத்தில் இருப்பதைப் பார்த்து முகம் சுளித்து, வெட்ட வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேடியிருப்பார்.