கூட்டல் சரி, வவுச்சர் தப்பு

பி.காம். முதல் வருஷத்தில் ஒரு பாடம் உண்டு: டிரயல் பேலன்ஸ் காட்டிக்கொடுக்காத பிழைகள். இரண்டு பக்கமும் பைசா பிசகாமல் டாலி ஆகும். ஆனாலும் கணக்கு தப்பு. காரணம், வவுச்சரிலேயே தொகையைத் தப்பாக எழுதிவிட்டார்கள். பத்துத் தடவை கூட்டிப் பார்த்தாலும் அது அகப்படாது.

பழைய எலும்புகளிலிருந்து டி.என்.ஏ. படிக்கும் ஆராய்ச்சியின் வரலாற்றை வாசித்தபோது எனக்கு இந்தப் பாடம்தான் ஞாபகத்துக்கு வந்தது. (மரபணுவுக்கும் எனக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. விடுமுறை நாள் வாசிப்புதான்.) டி.என்.ஏ.வின் எழுத்துகளைப் படிக்கும் இயந்திரத்துக்குத் தன்னிடம் வந்தது யாருடையது என்று தெரியாது. எலும்பைத் துளைத்து, பொடியாக்கி, கரைத்து, இயந்திரத்துக்கு ஏற்றபடி தயார் செய்கிறார்களே, வில்லங்கம் அங்கேதான் நுழைகிறது. சட்டியில் இருப்பதுதானே அகப்பையில் வரும்?

1985இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் ஸ்வாந்தே பேபோ என்ற மாணவர் எகிப்திய மம்மி ஒன்றிலிருந்து டி.என்.ஏ. எடுத்ததாக 'நேச்சர்' இதழில் எழுதினார். வழிகாட்டிக்குத் தெரியாமல் ஆரம்பித்த வேலை அது. முதலில் கடையில் கன்றுக்குட்டி ஈரல் வாங்கிவந்து, ஆய்வகத்து அடுப்பில் 50 டிகிரியில் காயவைத்துப் பார்த்தாராம். நாற்றம் கூடத்தையே தூக்கியிருக்கிறது! பிறகு 23 மம்மிகளைச் சோதித்ததில் ஒரு குழந்தையின் மம்மியில் டி.என்.ஏ. கிடைத்தது. உலகமே பாராட்டியது. ஆனால் அது அந்தக் குழந்தையுடையதுதான் என்று சொல்ல முடியாது, மம்மியைத் தொட்ட யாருடையதாகவும் இருக்கலாம் என்று பின்னாளில் அவரே ஒத்துக்கொண்டார்.

அடுத்து பி.சி.ஆர். என்ற நகலெடுக்கும் முறை பரவியது. இம்மியளவு டி.என்.ஏ.வைக் கோடிக்கணக்கில் பெருக்கித் தரும். இதில் ஒரு சிக்கல். எலும்பில் இருப்பதோ சிதைந்த பழைய துணுக்குகள். தோண்டியவரின் வியர்வை, கையாண்டவரின் எச்சில், ஆராய்ச்சியாளரின் தோல் துகள் எல்லாம் புத்தம் புதுசு. பந்தயத்தில் புதுசுதான் ஜெயிக்கும். 1994இல் அமெரிக்காவின் ஸ்காட் வுட்வர்டு குழு, 8 கோடி வருஷத்து எலும்பிலிருந்து டி.என்.ஏ. கிடைத்ததாகவும் அது டைனோசருடையதாக இருக்கலாம் என்றும் 'சயின்ஸ்' இதழில் அறிவித்தது. 'ஜுராசிக் பார்க்' படம் வந்த மறுவருஷம், கேட்கவேண்டுமா! 1995இல் பேபோவின் குழுவும் மற்றவர்களும் சரிபார்த்தார்கள். அது மனித டி.என்.ஏ.

பேபோ உஷாரானார். 1856இல் ஜெர்மனியின் நியாண்டர் பள்ளத்தாக்கில் கிடைத்த எலும்பில் அவருக்குத் தரப்பட்டது மூன்றரை கிராம். 379 எழுத்துகளைப் படித்து 1997இல் வெளியிட்டார். வெளியிடும் முன், அதே எலும்பை அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இன்னொரு ஆய்வகமும் தனியாகச் சோதித்து ஒப்புக்கொண்டது. எங்கள் பாஷையில், ஒருவர் என்ட்ரி போட, இன்னொருவர் பாஸ் பண்ணுவது.

அத்தனை உஷாரானவருக்கும் 2006இல் சறுக்கியது. குரோவேஷியாவின் விந்தியா குகையில் கிடைத்த ஒரே நியண்டர்தால் எலும்பை இரண்டு குழுக்கள் படித்தன. ஒன்று பேபோவுடையது, இன்னொன்று கலிபோர்னியாவில் எட்வர்டு ரூபினுடையது. விடைகள் ஒத்துப்போகவில்லை. 2007இல் ஜெஃப்ரி வால், சுங் கிம் இருவரும் ஒன்றைக் கவனித்தார்கள். பேபோவின் தரவில் சின்னத் துணுக்குகளைவிட நீளமான துணுக்குகள் இன்றைய மனிதர்களை அதிகம் ஒத்திருந்தன. பழைய டி.என்.ஏ. பொடிப்பொடியாகத்தானே இருக்கும்? நீளமாக இருப்பது நேற்று ஒட்டியது.

எங்கே ஓட்டை? லைப்சிக்கில் இருந்த தூய அறையில் எலும்பைக் கரைத்ததில் குறையில்லை. ஆனால் துணுக்குகளை இயந்திரத்துக்குத் தயார் செய்யும் அடுத்த வேலை, அமெரிக்காவில் இயந்திரம் இருந்த கம்பெனியில், தூய அறைக்கு வெளியே நடந்தது.

இது சின்ன விஷயமில்லை. நியண்டர்தால்களும் நம் மூதாதையரும் கலந்தார்களா என்பதுதான் அப்போதைய பெரிய கேள்வி. எலும்பைத் தொட்டவரின் டி.என்.ஏ. சேர்ந்துவிட்டால், "ஆமாம், கலந்தார்கள்" என்பது போலவே விடை வரும். விடையைப் போலவே வேஷம் போட்டு வரும் பிழையை எப்படிப் பிடிப்பது?

அவர்கள் செய்தது அசல் வங்கிக்காரன் வேலை: முத்திரை! தயாரிப்பு வேலை முழுவதையும் தூய அறைக்குள் கொண்டுவந்து, ஒவ்வொரு துணுக்கின் நுனியிலும் டி.ஜி.ஏ.சி. என்ற நான்கெழுத்து அடையாளத்தை அங்கேயே ஒட்டினார்கள். பிறகு வெளியே எது சேர்ந்தாலும் முத்திரை இருக்காது. முத்திரை இல்லாததைத் தள்ளு. அவ்வளவுதான்.

இன்னொரு குறையும் தீர்ந்தது. பழைய டி.என்.ஏ.வில் சி என்ற எழுத்து கெட்டுப்போய், இயந்திரத்தில் டி என்று வாசிக்கப்படும். அதிலும் துணுக்குகளின் நுனியில் அதிகம். தயாரிப்பின்போதே ஒரு நொதியைச் சேர்த்துக் கெட்ட எழுத்துகளை நீக்கலாம் என்று கண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கேடே நல்ல சாட்சியும் ஆயிற்று. நுனியில் இந்தக் கறை இருந்தால் சரக்கு பழசு, இல்லையென்றால் சந்தேகம்.

எலும்பில் இருந்த டி.என்.ஏ.வில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் நியண்டர்தாலுடையது இல்லை; மற்றதெல்லாம் பெரும்பாலும் நுண்ணுயிர்களுடையது. அதையும் சலித்து, 2010 மே மாதம் 400 கோடி எழுத்துகளுக்கு மேல் வெளியிட்டார்கள். இம்முறை அந்நியக் கலப்பு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. விடை: கலந்தார்கள். ஆப்பிரிக்காவுக்கு வெளியே உள்ளவர்களின் மரபணுவில் 1 முதல் 4 சதவீதம் அவர்களுடையது என்று அன்றைய கணக்கு. பேபோவுக்கு 2022இல் நோபல் பரிசு.

நமக்கென்ன என்கிறீர்களா? கொரோனா கடுமையாகும் ஆபத்தைக் கூட்டும் ஒரு மரபணுத் துண்டு நியண்டர்தால்களிடமிருந்து வந்தது என்று 2020இல் செபெர்க்கும் பேபோவும் எழுதினார்கள். அதே விந்தியா குகையில் கிடைத்த ஓர் எலும்பின் மரபணுவோடு ஒப்பிட்டுத்தான் சொன்னார்கள். ஐரோப்பாவில் சுமார் 16 சதவீதம் பேரிடம் அது உண்டு. தெற்காசியாவில், அதாவது நம்மிடையே, சுமார் 50 சதவீதம். முத்திரை குத்தாமல் விட்டிருந்தால் இதை யார் நம்பியிருப்பார்கள்?

எனக்குப் பிடித்தது நோபல் பரிசல்ல. தன் மம்மி, தன் 2006 தரவு என்று தன்னுடைய என்ட்ரியைத் தானே சந்தேகித்தாரே, அதுதான். அதனால்தான் இப்போதெல்லாம் யாராவது "ரிப்போர்ட்டிலேயே வந்துவிட்டது" என்று அடித்துப் பேசினால், சாம்பிள் எடுத்தவர் கையுறை போட்டிருந்தாரா என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்டால் வீட்டில் முறைக்கிறார்கள்.